தந்தி எட்டாத புல்தரை

ஆட்டம் முடியும்வரை அவர்களிடம் சொல்லவேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தார். 1914 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை. பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய சீவிக்லியில், அலெகெனி கன்ட்ரி கிளப்பின் புல்தரையில் டேவிஸ் கோப்பை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆஸ்திரலேசியா என்ற ஒரே பெயரில் அப்போது சேர்ந்து ஆடிவந்த ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், மறுபக்கம் ஜெர்மனி. வியாழன் தொடங்கிய ஆட்டத்துக்கு அது மூன்றாம் நாள். ருஷ்யாவின் மீது ஜெர்மனி போர் அறிவித்தது அன்று மாலை. ஐரோப்பாவில் மாலை என்றால் பிட்ஸ்பர்க்கில் நடுப்பகல். போர் மூண்டால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று ஜெர்மானிய ஆட்டக்காரர்கள் இருவரும் முன்பே சொல்லி வைத்திருந்தார்களாம். அதனால்தான் கிளப்பின் தலைவர் வெளியிலிருந்து எந்தச் செய்தியும் மைதானத்துக்குள் வராதபடி தந்தியையும் தொலைபேசியையும் தடுத்து வைத்தார் என்று டென்னிஸ் வரலாற்றில் ஒரு கதை வழங்குகிறது. கடைசிப் பந்து விழுந்து, வலைக்கு மேலே கை குலுக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. படித்த நாளிலிருந்து இந்தக் கதை என்னை விடவில்லை. போரைப் பற்றி இதைவிடக் கொடிய கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அவற்றுக்கு மனம் ஒருவாறு பழகிவிட்டது. ஒரு சாவுகூட இல்லாத இந்தக் கதைக்கு மட்டும் பழக மறுக்கிறது. உள்ளே வெள்ளைக் கோடுகளுக்குள் மாறி மாறி ஆடும் நான்கு பேர். வேலிக்கு வெளியே யாரோ ஒருவரின் சட்டைப்பையில் மடித்து வைத்த காகிதம். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு என்ன பெயர் வைப்பது? விருந்தாளிகளுக்குச் செய்த உபசாரமா, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்றா?

அந்த நான்கு பேரில் ஒருவர் ஆண்டனி வைல்டிங். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1883இல் பிறந்தவர். 1910 முதல் 1913 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் அவருடையது. அவருடைய ஜோடி ஆஸ்திரேலியாவின் இடக்கை ஆட்டக்காரர் நார்மன் புரூக்ஸ். எதிரே ஓட்டோ ஃப்ராய்ட்சைமும் க்ரோய்ட்சரும். இவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் விம்பிள்டனில் புரூக்ஸும் ஃப்ராய்ட்சைமும் ஐந்து செட் மோதியிருந்தார்கள். கடைசி செட் 8-6. அக்காலத்து விதிப்படி முந்தைய ஆண்டின் சாம்பியன் தொடக்கச் சுற்றுகள் எதிலும் ஆடவேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாரும் மோதி ஒருவர் மிஞ்சும்வரை காத்திருந்து, அந்த ஒருவரோடு மட்டும் ஆடினால் போதும். அன்று ஃப்ராய்ட்சைம் இன்னும் இரண்டு கேம்கள் கூடுதலாக எடுத்திருந்தால் வைல்டிங்கின் எதிரே வந்து நின்றிருக்கக்கூடியவர் அவர். புரூக்ஸ் தப்பிப் பிழைத்து வந்து வைல்டிங்கை நேர் செட்களில் வென்றார். ஒருவர் சர்வ் போடும்போது தோள் எந்தப் பக்கம் சாயும், களைத்தால் கால் எப்படி இழுபடும் என்பதெல்லாம் இவர்களுக்குப் பரஸ்பரம் மனப்பாடம். எதிராளியின் உடம்பை இவ்வளவு அந்தரங்கமாக அறிந்துவைக்கும் உறவு வேறு எதில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். மருத்துவரும் தாயும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

வைல்டிங்கின் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. அவருடைய தந்தை ஃபிரெடரிக் வழக்கறிஞர், விளையாட்டு வெறியர். தாய் ஜூலியா பியானோ கலைஞர். வீட்டு வளவுக்குள்ளேயே டென்னிஸ் களம் இருந்தது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் படிக்கப்போனார், சட்டத்தில் தேறினார், ஆனால் வழக்காடி வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. பெரும் பணக்காரர்கள் பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில், புகையும் மதுவும் தொடாமல், ஓட்டமும் கயிறு தாண்டலுமாக ஆண்டு முழுவதும் உடம்பைத் தயார்நிலையில் வைத்திருந்த முதல் ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். 1913 விம்பிள்டன் இறுதியில் எதிரே வந்தவர் அமெரிக்காவின் மாரிஸ் மெக்லாக்லின். அவருடைய சர்வ் பீரங்கி போல வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த சர்வ்வுக்குப் பயந்து பின்வாங்கி நிற்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால் வைல்டிங் முன்னேறி நின்றார். பந்து தரையில் பட்டு முழு உயரம் எழுவதற்குள்ளேயே மட்டையை வைத்துத் திருப்பினார். 8-6, 6-3, 10-8. மூன்றே செட். புகைப்படங்களில் பார்த்தால் முழங்கைவரை சுருட்டிய வெள்ளைச் சட்டை, கணுக்காலை மூடும் ஃபிளானல் கால்சட்டை, அந்தத் துணிக்குள் அடங்காத தோள்கள். அடுத்த போட்டி எந்த ஊரில் நடந்தாலும் மோட்டார் சைக்கிளில் மட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்ச்சேரும் பழக்கம் அவருக்கு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடிவரை நடந்த மோட்டார் சைக்கிள் சோதனைப் பயணத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஐரோப்பாவின் சாலைகளில் ஆயிரக்கணக்கான மைல்கள் ஓட்டியிருந்தார். எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டத் தெரியும். மண் சாலை எது, கல் பாவிய சாலை எது, எந்தத் திருப்பத்தில் வண்டி வழுக்கும் என்பது தெரியும். ஒரு மனிதன் ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த இந்த அறிவெல்லாம் பின்னால் யாருக்குப் பயன்பட்டது என்று நினைக்கும்போதுதான் நெஞ்சை அடைக்கிறது.

ஜெர்மானியர்களிடம் செய்தியை மறைத்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. வைல்டிங்கிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. பிரிட்டனோடு நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இறங்கின. அதற்குப் பிறகும் அவர் ஆடினார். அதே வாரம் பாஸ்டனில் பிரிட்டிஷ் தீவுகளின் அணியோடு ஆட்டம். அடுத்த வாரம், ஆகஸ்ட் 13 தொடங்கி, நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்காவுக்கு எதிரான கோப்பைப் போட்டி. முதல் நாள் மெக்லாக்லினும் புரூக்ஸும் ஆடிய முதல் செட் 17-15 என்று போனது. முப்பத்திரண்டு கேம்கள். டைபிரேக் என்ற ஏற்பாடெல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்தது. அன்று யாராவது இரண்டு கேம் முந்தும்வரை முடிவே கிடையாது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணிக்கையைப் பின்தொடர்ந்த அதே நாட்களில் பெல்ஜியத்தில் லியேஜ் நகரைச் சுற்றியிருந்த கோட்டைகள் ஜெர்மானியப் பெரும்பீரங்கிகளுக்கு ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. வைல்டிங் ஃபாரஸ்ட் ஹில்ஸில் வென்றது நாரிஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டைட்டானிக் மூழ்கியபோது பனிநீரில் கிடந்து பிழைத்தவர். விறைத்துப்போன கால்களை வெட்டிவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது மறுத்துவிட்டு, எழுந்து எழுந்து நடந்தே அவற்றுக்கு உயிர் கொடுத்தவர். அந்தக் கால்கள்தான் அன்று வலையின் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கோப்பை ஆஸ்திரலேசியாவுக்கு. போர் நடப்பது தெரிந்திருந்தும் எப்படி ஆடினார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரணத்தை நேரில் பார்த்து வந்த ஒருவர் அங்கே பேக்ஹேண்ட் ஆடிக்கொண்டிருந்தார். ஆடுவதற்கு அறியாமை ஒன்றும் நிபந்தனை இல்லை. சீவிக்லியில் நடந்ததை நினைத்தால் இதனால் இன்னும் அதிகமாகவே உறுத்துகிறது. வைல்டிங்குக்கும் புரூக்ஸுக்கும் தெரிந்துகொண்டே ஆட ஒரு வாய்ப்பு இருந்தது. தெரிந்தபின் ஆடுவதா கிளம்புவதா என்று தாமே தீர்மானிக்கும் அந்த நிமிடம் மற்ற இருவருக்கும் கொடுக்கப்படவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. வைல்டிங் இங்கிலாந்து திரும்பினார். அக்டோபரில் ராயல் மரீன்ஸ் படையில் சேர்ந்தார். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் யோசனைப்படி என்பார்கள். சாலைகள் தெரிந்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்பதால் தொடக்கத்தில் பிரான்சில் மோட்டார் வண்டி சார்ந்த வேலைகள். பிறகு கடற்படையின் கவச வண்டிப் பிரிவு. 1915 மே மாதத் தொடக்கத்தில் கேப்டன் பதவி. போட்டிகளுக்குப் போன நாட்டுச் சாலைகள் இப்போது குண்டுக்குழிகளாகக் கிடந்தன. அவர் பொறுப்பில் இருந்தது மூன்று பவுண்டு எடையுள்ள குண்டை வீசும் ஒரு சிறு பீரங்கி. கப்பலுக்காகச் செய்த இந்த வகைப் பீரங்கியை வண்டியில் ஏற்றி முன்னணி வரிசைவரை இழுத்துக்கொண்டுபோய், எதிரியின் எந்திரத் துப்பாக்கி மறைவிடங்களை அருகிலிருந்தே உடைக்கவேண்டும். அருகில் என்றால் எதிரிக்கும் அதே அளவு அருகில். மே 8ஆம் தேதி அவர் எழுதிய கடைசிக் கடிதம் கிடைத்திருக்கிறது. இந்த ஏழெட்டு மாதத்தில் முதல் தடவையாக, பீரங்கியும் தானும் கூட இருப்பவர்களும் சேர்ந்தே சிதறிப்போகக்கூடிய ஒரு வேலை கைக்கு வந்திருக்கிறது. ஆனால் அது பலித்தால் காலாட்படைக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்பது அதன் சாரம். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர இந்தக் கடிதத்தில் நான் எதையும் தேடவில்லை. வீரம் என்று அதைக் கொண்டாடிய புத்தகம் மறு ஆண்டே வந்துவிட்டது. எனக்கு அந்தக் கடிதத்தில் கேட்பது ஒரு தொழில்காரனின் குரல். நாளைக்குக் களம் எப்படி இருக்கும், எங்கே நிற்கலாம், எவ்வளவு ஆபத்து என்று நிதானமாகக் கணக்குப் பார்த்துச் சொல்கிறார். பந்து எழுவதற்குள் முன்னேறி நின்றவரின் குரலும் இதே நிதானத்தில்தான் இருந்திருக்கும்.

மறுநாள் ஓபர்ஸ் மேட்டுத் தாக்குதல். நியூவ் ஷப்பேல் கிராமத்தைச் சுற்றியுள்ள அந்த நிலம் தட்டையானது. களிமண். கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். அதனால் ஆழமாகப் பதுங்குகுழி வெட்ட முடியாமல் மணல்மூட்டைகளை அடுக்கித் தரைக்கு மேலே சுவர் எழுப்பித்தான் பல இடங்களில் பதுங்கியிருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கின. நாற்பது நிமிடம் கழித்துக் காலாட்படை எழுந்தது. குண்டுகள் போதவில்லை. வந்த குண்டுகளிலும் பல சரியானவை இல்லை. எதிரியின் எந்திரத் துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் விழுந்தவர்களும் காயம்பட்டவர்களுமாகப் பதினோராயிரம் பேருக்கு மேல். குண்டுப் பற்றாக்குறை பற்றிய செய்தி ஐந்தாம் நாள் லண்டன் டைம்ஸில் வெளியாகி அரசாங்கத்தையே ஆட்டிவைத்தது. அந்த உண்மை முதலில் தெரிந்திருக்கவேண்டியது மே 9 காலையில் சுவரைத் தாண்டி எழுந்தவர்களுக்கு. அதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வைல்டிங் பிற்பகல் நாலே முக்கால் வாக்கில், பீரங்கிப் பணிக்கிடையே ஒதுங்கியிருந்த பதுங்கிடத்தின் மேல் குண்டு விழுந்து இறந்தார். வயது முப்பத்தொன்று. அவருடைய நெருங்கிய தோழி, அமெரிக்க நாடக நடிகை மாக்சின் எலியட், அதே காலத்தில் பெல்ஜிய அகதிகளுக்கு உணவும் உடையும் கொடுக்கப் படகொன்றைக் கால்வாய்களில் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த நாளை நான் படிப்பது ஆண்டனி வைல்டிங்கின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான். அதுவும் ஓர் உறுத்தல். அன்று காலை அதே முனையில் எழுந்தவர்களில் இந்தியப் படையின் மீரட் பிரிவினரும் இருந்தார்கள். நியூவ் ஷப்பேலில் இன்று நிற்கும் இந்திய நினைவுச் சின்னத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மடிந்து கல்லறைகூட இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927இல் திறக்கப்பட்டது அது. வைல்டிங்கின் கல்லறை உள்ள ரிஷ்பூர் அங்கிருந்து நடந்துபோகிற தொலைவுதான். அவர் எழுதிய கடைசிக் கடிதத்தை நூறு ஆண்டு கழித்து ஒரு தமிழ் வாசகனால் படிக்க முடிகிறது. அந்தச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களை முதலில் படித்தவர் தணிக்கை அதிகாரி. இந்தியத் தபால்களைப் பிரித்துப் படிக்கவென்றே பிரான்சில் ஓர் அலுவலகம் இருந்தது. ஊருக்குப் போய்ச்சேராமல் நிறுத்தப்பட்ட கடிதங்கள் உண்டு. அதனால் சிப்பாய்கள் சாடையாக எழுதப் பழகினார்கள். கருமிளகு தீர்ந்துவருகிறது, இனி செம்மிளகைத்தான் எடுக்கிறார்கள் என்று எழுதினால் கறுப்புத் தோல் சிப்பாய்கள் ஏராளமாகச் செத்துவிட்டார்கள், வெள்ளையரை இறக்குகிறார்கள் என்று பொருள். தணிக்கைக்காரர்கள் அந்தச் சாடையையும் கண்டுபிடித்துப் பிரதியெடுத்துத் தொகுத்து வைத்தார்கள். அந்தத் தொகுப்புகள் இருப்பதால்தான் அந்தக் குரல்கள் இன்று நமக்குக் கேட்கின்றன. மனைவிக்கோ தம்பிக்கோ கிடைக்கவேண்டிய சொல் அதிகாரியின் கோப்பில் தங்கிவிட்டது. சீவிக்லி மைதானத்தில் ஒரு பிற்பகலுக்கு நடந்தது இங்கே வருடக்கணக்கில், ஓர் ஏற்பாடாக, சம்பளம் வாங்கும் ஆட்களைக் கொண்டு நடந்தது. கிளப் தலைவரின் கையில் இருந்த அதிகாரம் சிறியது, நோக்கமும் ஒருவேளை நல்லதுதான். இருந்தாலும் இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து முளைத்தவை என்றே எனக்குப் படுகிறது: வேலை கெடாமல் நடக்கவேண்டும், தெரிந்தால் இவர்கள் கலங்கிவிடுவார்கள், ஆகவே இவர்களுக்கு என்ன தெரியலாம் என்பதை நான் தீர்மானிக்கிறேன்.

கிறைஸ்ட்சர்ச்சுக்குச் செய்தி போன விதத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கடலடிக் கம்பி வழியே தந்தி சீக்கிரம் போய்விடும். கடிதமோ கப்பலில் போகவேண்டும்; அந்நாட்களில் ஐரோப்பாவிலிருந்து நியூசிலாந்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆக, அந்நாளில் நியூசிலாந்தில் மகனைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளில் சாவுச் செய்தி முன்னால் வந்தது. உயிரோடு இருந்தபோது மகன் எழுதிய கடிதங்கள் அதற்குப் பின்னால், ஒவ்வொரு கப்பலிலும், நான் நலம், இங்கே மழை, பூட்ஸ் கிழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தன. எல்லாம் தெரிந்துவிட்ட வீட்டுக்கு எதுவும் தெரியாத கடிதங்கள். அந்தத் தாய்மார்கள் உறையைப் பிரித்த கையை நினைக்கிறேன். அவர்களிடமிருந்து எதையும் மறைத்து எந்த உபசாரமும் செய்திருக்க முடியாது. வைல்டிங்கின் தங்கை கோரா ஓவியம் கற்றவர். பிற்காலத்தில் குழந்தைகளின் உடல்நலத்துக்காக கிறைஸ்ட்சர்ச்சில் சன்லைட் லீக் என்ற அமைப்பை 1931இல் தொடங்கினார்; பிள்ளைகளை வெயிலுக்கும் காற்றுக்கும் கூட்டிப்போகும் முகாம்களை நடத்தினார். அந்தக் குடும்பத்துக்கு உடம்பின்மேல் இருந்த பக்தி அண்ணனோடு முடிந்துவிடவில்லை. அது வேறு கைகளில் வேறு வேலைக்குப் போனது.

இனி ஃப்ராய்ட்சைம். சீவிக்லியில் மட்டையை உறையில் போட்டுக்கொண்டு அவரும் க்ரோய்ட்சரும் ஊருக்குக் கப்பலேறினார்கள். ஜிப்ரால்டரில் பிரிட்டிஷார் அவர்களைக் கப்பலிலிருந்து இறக்கிச் சிறைப்பிடித்தார்கள். போர்க்களத்தை எட்டுவதற்கு முன்பே கைதி. செய்தி சற்று முன்னதாகக் கிடைத்திருந்தால் வேறு கப்பல் அகப்பட்டிருக்குமா, ஊர் போய்ச் சேர்ந்து ஏதாவது ஒரு பதுங்குகுழியில் முடிந்திருப்பாரா என்றெல்லாம் எண்ணம் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் அந்த மறைப்பு அவர் உயிரைக் காத்த மறைப்பு என்று வாதிக்கலாம். அந்த வாதத்தை நானே எனக்குள் பலமுறை நடத்திப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை. மறைத்தவருக்கு ஜிப்ரால்டர் தெரியாது. அவருக்குத் தெரிந்தது டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த கூட்டம். விளைவு நன்றாக முடிந்ததை அவர் கணக்கில் வரவு வைக்க முடியாது. போருக்குப் பின் ஜெர்மானியர்களைப் பன்னாட்டு டென்னிஸில் பல ஆண்டுகள் சேர்க்கவில்லை. ஃப்ராய்ட்சைம் தன் நாட்டுக்குள்ளேயே ஆடினார். ஜெர்மன் சாம்பியன் பட்டத்தை 1921இலும் 1922இலும் வென்றார், 1925இல் மீண்டும் வென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. இருந்திருந்தால் வைல்டிங்குக்கும் அந்தக் கோடையில் நாற்பத்தொன்றுதான். இருவருக்கும் ஆறு மாத வித்தியாசம். விம்பிள்டனில் அன்று நழுவிப்போன சந்திப்பை அந்த வயதிலாவது, கால் கொஞ்சம் கனத்துப்போன பிறகாவது, யாரோ ஒரு ரிவியரா நகரத்தில் ஏற்பாடு செய்திருக்கக்கூடும். அந்த ஆட்டத்தை நான் என் மனத்தில் ஆடவிட்டுப் பார்த்ததுண்டு. ஃப்ராய்ட்சைம் பின்கோட்டிலேயே நின்று பொறுமையாகத் திருப்பிக்கொண்டிருப்பார், வைல்டிங் வலைக்கு ஏறிவருவார்.

ஒரு விவரத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டுவிட்டேன். அந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தின் முடிவு ஐந்துக்கு பூஜ்யம். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றால் போதும். வியாழனன்று இரண்டு ஒற்றையர், வெள்ளியன்று இரட்டையர் என்று மூன்றையும் ஆஸ்திரலேசியா வென்றுவிட்டிருந்தது. சனிக்கிழமை ஆடவிருந்த இரண்டு ஆட்டங்களில் யார் வென்றாலும் எதுவும் மாறப்போவதில்லை. தீர்ந்துபோன ஒரு போட்டியின் மிச்சத்துக்காகத்தான் தந்தி தடுக்கப்பட்டது. நான் அந்தக் கிளப்பில் ஒரு வேலையாளாக இருந்து, அந்தக் காகிதம் என் கையில் இருந்திருந்தால், இரண்டு கேம்களுக்கு நடுவே பக்கம் மாறும்போது உள்ளே போய் ஃப்ராய்ட்சைமிடம் அதை நீட்டியிருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். அவர் படித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். மட்டையைக் கீழே வைத்துவிட்டு வைல்டிங்கிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம். ஐந்துக்கு பூஜ்யம் என்ற பதிவில், ஒருவர் பாதியில் விலகினார் என்று ஒரு சிறு குறிப்பு கூடுதலாக இருந்திருக்கும்.